கைநாட்டு

போன வாரம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு, சென்னையில் வேலை பார்க்கும் என் மகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினேன். 'பொங்கலுக்கு 12ஆம் தேதி கிளம்புகிறாயா, 13ஆம் தேதியா? 12க்கு நாளைக் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கிறது.' காற்புள்ளி முதற்கொண்டு சரியாக இருந்த கேள்வி. பதில் உடனே வந்தது. கட்டைவிரல்.

காபியா டீயா என்று கேட்ட சர்வரிடம் 'ஆமாம்' என்றால் அவர் என்ன கொண்டுவருவார்? சரி, பையன் கவனிக்கவில்லை என்று நினைத்து, '12ஆ, 13ஆ?' என்று மட்டும் மறுபடி அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல். அதுவும் தனி வரியில் இல்லை. என் கேள்வியின் காலடியிலேயே மரு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளிடமிருந்து ஒரு முழு வாக்கியத்தை வரவழைப்பது எப்படி என்று பெற்றோருக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் இந்த விரலை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

என் தாத்தா கைநாட்டு. பத்திர ஆபீசில் அவருடைய இடது கைப் பெருவிரலைக் குமாஸ்தா பிடித்து, மையில் ஒற்றி, காகிதத்தில் நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உருட்டுவார். பக்கத்தில் 'இது இன்னாருடைய இடது கைப் பெருவிரல் ரேகை' என்று எழுதத் தெரிந்தவர் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். தாத்தா மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். இந்த அவமானம் தன்னோடு போகட்டும் என்று அப்பாவைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். அப்பா எஸ்எஸ்எல்சி. நான் எம்.ஏ. என் மகன் பி.இ.; கட்டிய ஃபீஸைச் சொன்னால் வயிறு எரியும். இத்தனை படிப்பும் படித்துச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி பெருவிரலில் நிற்கிறோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் இவனை எந்தப் பக்கம் எழுதச் சொல்வது?

தாத்தாவின் விரலுக்காவது ரேகை இருந்தது. கோர்ட்டில் செல்லும். மகன் அனுப்பியதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரேகையைக் காணோம். இடதா வலதா என்றும் விளங்கவில்லை. சாட்சிக் கையெழுத்தும் இல்லை. ரோட்டோரம் லிஃப்ட் கேட்கிறவனும் இதே விரலைத்தான் காட்டுகிறான். ஆனால் எங்கே போகணும் என்று கேட்டால் வாயைத் திறந்து சொல்கிறான். ஏகலைவன்கூட ஒரே ஒரு தடவைதான் கொடுத்தான். இவன் ஒரு நாளைக்கு நாலு தடவை கொடுக்கிறான். 'காய்ச்சல் தேவலையா?' விரல். 'வாடகை கட்டிவிட்டாயா?' விரல். 'ராஜபாளையம் பெரியப்பா தவறிவிட்டார்.' விரல். அதை மட்டும் கொஞ்ச நேரம் கழித்து எடுத்துவிட்டுக் கும்பிடு போட்டான்.

போன் பண்ண வேண்டியதுதானே என்பீர்கள். பண்ணுவேன். அவன் 'ஹலோ' என்பான். நான் 'என்னப்பா' என்பேன். அவன் 'ம்' என்பான். நான் 'இரு, அம்மாகிட்ட குடுக்குறேன்' என்பேன். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. அன்றைக்கும் அம்மாவிடம் கொடுத்தேன். நாற்பது நிமிஷம் பேசினாள். ரூம்மேட்டின் அக்காவுக்கு நிச்சயமாகிவிட்டது, மெஸ்ஸில் சாம்பார் புளிக்கிறது, பையனுக்கு முடி கொட்டுகிறது, எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். 'டிக்கெட்?' என்றேன். 'ஐயோ, மறந்தே போச்சுங்க.'

நியாயம் என்று ஒன்று இருப்பதால் இதையும் சொல்லித் தொலைக்கிறேன். 1988இல் நான் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தேன். அப்பா மாதா மாதம் மணியார்டர் அனுப்புவார். ஃபாரத்தின் அடியில் சேதி எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அதில் நுணுக்கி நுணுக்கி எழுதுவார். மாடு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, பரீட்சை எப்போது? நான் பதில் போட்டதே இல்லை. பணம் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்ட ஒப்புகைச் சீட்டு அவருக்குப் போய்ச் சேரும். மூன்று வருஷமும் நான் அப்பாவுக்கு எழுதியது அதுதான். அத்தனையையும் கம்பியில் குத்தி வைத்திருந்தார்.

இருந்தாலும் அது வேறு. அது கையெழுத்து. பேனா பிடித்துப் போட்டது. பேனா தபால்காரருடையது என்பது வேறு விஷயம்.

கடைசியில் 12க்கு ஒன்று, மறுநாள் காலை 13க்கு ஒன்று என்று இரண்டு நாளைக்கும் டிக்கெட் போட்டேன். 8 மணி 3 நிமிஷத்துக்கெல்லாம் இரண்டுமே வெயிட்டிங் லிஸ்ட். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். என்ன வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே, ஜனவரி 12 அல்லது 13 பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரைக்கு டிக்கெட் வைத்துக்கொண்டு, வராமல் இருக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து சீக்கிரம் கேன்சல் பண்ணுங்கள். ஸ்லீப்பர். ஒரு ஆள். அப்பர் பெர்த்தாக இருந்தாலும் பரவாயில்லை.