ஆங்கிலேயருக்கு எதிர்காலம் உண்டா?

நம் பள்ளிகளில் மனப்பாடம் செய்யப்படும் ஆங்கில இலக்கண அட்டவணையின்படி காலங்கள் பன்னிரண்டு. மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பிள்ளைகள். 1795இல் லிண்ட்லி முர்ரே எழுதிய இலக்கணத்தில் ஆறுதான். பிறகு குடும்பம் பெருகிவிட்டது. இவற்றுள் எதிர்காலத்தின் வாரிசுகளாகச் சொல்லப்படும் நான்கும் பட்டா இல்லாமல் குடியிருப்பவை என்பதே இவ்வாய்வின் துணிபு. 'வாக்' இறந்தகாலத்தில் 'வாக்டு' ஆகிறது. 'கோ' கூட வேறொரு வினைக்குச் சொந்தமான 'வென்ட்'டை இரவல் வாங்கி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. எதிர்காலத்துக்கென்று உருமாறும் வினை ஆங்கிலத்தில் ஒன்றுகூட இல்லை. 'நடப்பேன்' என்ற சொல்லின் வயிற்றுக்குள்ளேயே நமக்குக் காலம் இருக்கிறது. அவர்கள் வெளியிலிருந்து ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பிடித்த ஆட்களின் பூர்வீகத்தையும் பார்த்துவிடுவோம். பழைய ஆங்கிலத்தில் 'வில்' விருப்பத்தைக் குறித்தது. 'ஷால்' கடன்பட்டிருப்பதைக் குறித்தது. ஆக, ஆசையும் கடனுமே அவர்கள் எதிர்காலம். (மாதச் சம்பளக்காரர்களுக்கு இதில் வியப்பேதும் இராது.) தன்மைக்கு 'ஷால்', மற்றவர்களுக்கு 'வில்' என்று 1653இல் பாகம் பிரித்துக் கொடுத்தவர் ஜான் வாலிஸ். முடிவிலிக்கே குறியீடு தந்த அந்தக் கணித அறிஞராலும் நாளைக்கு ஒரு விகுதி தர இயலவில்லை. நாம் 'உயில்' என்று சொல்வதும் அதே 'வில்'தான். எழுதியவருக்கு எதிர்காலம் முடிந்த பிறகே அது செல்லுபடியாகும் என்பதைவிட வலுவான சான்று வேண்டுமா?

தனி உருபு எதற்கு, 'வில்' என்ற அடையாளமே போதாதா என்பார் உளர். போதாது. கதவு தட்டப்படும்போது ஆங்கிலேயர் 'தட் வில் பி தி போஸ்ட்மேன்' என்கிறார். தபால்காரர் நாளை வரப்போகிறவர் அல்லர். இப்போதே வாசலில் வெயிலில் நிற்கிறார். மாறாக, நாளைக் காலை புறப்படும் ரயிலுக்கு 'லீவ்ஸ்' என்று நிகழ்கால வினையே போதுமாக இருக்கிறது. 'வில்' இருக்குமிடத்தில் எதிர்காலம் இல்லை. எதிர்காலம் இருக்குமிடத்தில் 'வில்' இல்லை. அம்பு ஒரு பக்கம், வில் ஒரு பக்கம்.

நாமும் யோக்கியமா என்பது அடுத்த தடை. குளியலறையிலிருந்து 'இதோ வந்துட்டேன்' என்று குரல் கொடுப்பவர் இன்னும் சோப்பே போடவில்லை. உண்மைதான். ஆனால் வராத காலத்தை விரைவு கருதி இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று தொல்காப்பியரே அனுமதி தந்திருக்கிறார். நன்னூலாரும் அதை வழிமொழிந்திருக்கிறார். நம்முடையது உரிமம் பெற்ற பொய். தவிர, இருக்கிற எதிர்காலத்தைப் பயன்படுத்தாமல் விடுவது வேறு, எதிர்காலமே இல்லாமலிருப்பது வேறு. எதிர்காலம் இல்லாதவர்கள் உலகில் கால்வாசியை எப்படி ஆண்டார்கள் என்ற கேள்வி வரலாற்றுத் துறையைச் சேர்ந்தது, அங்கே கேட்டுக்கொள்ளவும்.

எனவே அட்டவணையில் கடைசி நான்கு கட்டங்களையும் அடித்துவிடலாம். தேர்வு எழுதும் பிள்ளைகள் மட்டும், மதிப்பெண் கருதி, பன்னிரண்டு என்றே எழுதிவிட்டு வரவும்.