பூ, தலை, பாறை இடுக்கு: ஒகேனக்கல்லில் நிகழ்தகவுக் கணக்குகள் குறித்த ஒரு முன்னாய்வு

இவ்வாய்வின் தேவை ஓர் ஆடி மாதக் காலையில் உணரப்பட்டது. குடும்பத்தோடு ஒகேனக்கல் வந்த இரண்டாம் நாள், ஆற்றில் தண்ணீர் கூடிவிட்டது என்று குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிட்டார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அதைக் கழுவ வழியில்லாமல் பாறையில் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நிகழ்தகவுப் பயிற்சிக் கணக்குப் புத்தகம் ஒன்றை விரித்தாள். மற்றவர்களின் கருதுகோள்கள் நூலகத்தில் பிறக்கின்றன. என்னுடையது எண்ணெய்ப் பிசுக்கில் பிறந்தது.

எந்த ஆய்வையும் ஊர்ப்பெயரில் தொடங்குவது மரபு. கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை. ஆகவே இது புகையும் கல். இல்லை, 'உகுநீர்க்கல்' என்ற தமிழ்ப்பெயரே திரிந்தது என்பாரும் உண்டு. இரு தரப்பாரையும் ஒரே பரிசலில் ஏற்றக்கூடாது என்பது இத்துறையின் துணிபு (வாய்மொழி, பரிசல்துறை, துடுப்பு கையில் இருக்கும்போது).

இனி வகைப்பாடு. முதலில் பந்துப் பை. அதில் சிவப்புப் பந்து சில, நீலப் பந்து சில இருக்கும். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். இந்தப் பையை நேரில் கண்டவர் எவருமில்லை.

அடுத்தது சீட்டுக்கட்டு. பாறை மறைவில் ஆடிக்கொண்டிருந்த ஐந்து பேர், நான் நோட்டும் பேனாவுமாக நெருங்கியதும் கலைந்துவிட்டதால் தரவு கிடைக்கவில்லை.

லீப் ஆண்டில் 53 ஞாயிற்றுக்கிழமை வருவதற்கான நிகழ்தகவு 2/7. இதைக் கேட்காத புத்தகம் கிடையாது. இதனால் ஆதாயம் அடைந்தவரும் கிடையாது. மீன் வறுக்கும் அக்காவுக்காவது பயன்படுமே என்று சொல்லிப் பார்த்தேன். "அம்பத்திமூணு வேணாம் சார், இருக்கிற ஞாயித்துக்கெழமைல ஆத்துல தண்ணி ஏறாம இருந்தா போதும்" என்றார் (மீன் தட்டு, இரண்டாம் துண்டு, வால்பக்கம்).

பகடைக்கு வருவோம். நம் புத்தகங்கள் ஆறு முகப் பகடையையே கட்டிக்கொண்டு அழுகின்றன. தாயக்கட்டை இரண்டையும் உருட்டினால் முகங்கள் நான்கு நான்காக, மொத்தம் 16 வழிகள். தாயம் விழ 2, மூன்று விழ 4, ஆறு விழ 1. இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆவதற்கு 1. இவ்வளவும் கணக்கு. ஆனால் என் பாட்டி உள்ளங்கையில் கட்டையை இரண்டு முறை தேய்த்துவிட்டு உருட்டினால் பன்னிரண்டுதான் விழும். அந்தத் தேய்ப்பைப் பற்றிப் புத்தகங்கள் வாய் திறப்பதில்லை. மகாபாரத வனபருவத்தில் பகடையில் வல்ல ரிதுபர்ணன் தான்றிமரத்தின் கிளைகளைப் பார்த்தே காயும் இலையும் எத்தனை என்று சொல்லிவிடுகிறான். மாதிரியெடுப்புக்கு ஆதிச் சான்று என்று இயன் ஹாக்கிங் 1975-இல் வெளியான நிகழ்தகவு வரலாற்று நூலில் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். அவனுக்குத் தேரோட்டிய நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தையே வெட்டிச் சாய்த்து எண்ணிப் பார்த்தான். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் மரபு நளனிடமிருந்தே தொடங்குகிறது என்பது என் கருத்து. மரம் போய்விடும், விடை மட்டும் சரியாக இருக்கும்.

அளவீட்டுப் பிழைக்கு நம்மிடம் உள்ள மூலநூல் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. ஆற்றைக் கடந்து கரையேறியவர்கள் குருவோடு ஆறு பேர். எண்ணியவன் தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஐந்து பேர். யார் எண்ணினாலும் ஐந்துதான். பிழை கழித்தல் ஒன்று, திட்டவிலக்கம் பூஜ்யம். இத்தனை துல்லியமான தவறு அதற்குப் பிறகு கருத்துக்கணிப்புகளில்தான் கிடைத்தது. முந்தைய நாள் பரிசலில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருக்க, கரையிலிருந்து கேட்டவரிடம் "நாலு பேருண்ணா" என்று கத்தினார் பரிசல்காரர். மரபு அறுபடவில்லை.

சராசரிக்கு ஒகேனக்கல்லைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் இந்தியாவில் இருப்பதாகத் தெரியவில்லை. சற்று மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியை அளக்கிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு அங்கே வரவேண்டியது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்றது. அதை மாதவாரியாகப் பிரித்தால் ஆகஸ்டுக்கு 45.95, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. அக்கா மகளிடம் கொடுத்தேன். கூட்டுச் சராசரி 14.77, இடைநிலை அளவு 8.27, முகடு 2.5 என்று போட்டுவிட்டு, "மாமா, மூணும் மூணு ஆறு மாதிரி இருக்கே" என்றாள். மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மாநிலம் சராசரியையும் இன்னொரு மாநிலம் முகட்டையும் பேசலாம் என்பதை அவளுக்குச் சொல்லவில்லை, வயது போதாது. ஆண்டுச் சராசரியை வினாடிக்கு மாற்றினால் சுமார் 5,620 கன அடி. அப்படி ஒழுங்காக ஓடும் சராசரிக் காவிரியில் குடும்பத்தோடு குளிக்கலாம். அது ஓடும் நாளில் நாங்கள் வருவதில்லை. வந்தாலும் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்பது சமவாய்ப்பு அல்ல. குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்து, கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் யாரோ மதகைத் தூக்கிய பிறகே தற்செயல் என்பது ஒகேனக்கல் வந்து சேர்கிறது.

இப்போது முதன்மைப் பொருள்: நாணயம்.

"ஒரு சீரான நாணயம் சுண்டப்படுகிறது" என்பது வாய்ப்பாடு. யார் சுண்டினார், எங்கே நின்று சுண்டினார், அது யாருடைய காசு என்ற எதுவும் கிடையாது. மேலும் 'தலை' என்பதே ஆய்வுக்குரியது. நம் காசில் இருப்பது அசோகத் தூணின் சிங்கங்கள். கண்ணுக்குத் தெரிவன மூன்று; நான்காவது பின்னால் இருக்கிறது என்பர் சாரநாத் போய்வந்தோர். ஆகவே "குறைந்தபட்சம் ஒரு தலை" என்னும் கணக்கு ஒரு முறை தலை விழுந்தாலே மும்மடங்கு நிறைவேறிவிடுகிறது. பூ விழும் பக்கத்திலோ பல காசுகளில் பூவே இல்லை. இந்த அடித்தளத்தின் மேல்தான் 1/2 என்ற விடை நிற்கிறது.

மேல்நாட்டார் இதில் சளைத்தவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்ட ஜான் கெர்ரிச் பொழுது போகாமல் 10,000 முறை சுண்டி 5,067 தலை கண்டார். அவர் சிறைப்பட்டவர், மன்னிக்கலாம். 2023-இல் நாற்பதுக்கு மேற்பட்டோர் யாரும் சிறைவைக்காமலே 350,757 முறை சுண்டி, கிளம்பிய பக்கமே மறுபடி விழுவது 50.8 விழுக்காடு என்று நிறுவினார்கள். அடுத்த ஆண்டு இக் நோபல் பரிசும் வாங்கினார்கள். பகடி எழுத உட்காருகிறவனின் பிழைப்பை மெய்யான ஆய்வாளர்கள் இப்படித்தான் கெடுக்கிறார்கள்.

ஆனாலும் ஒரு குறை. அவர்களில் எவரும் எண்ணெய்க் கையோடு அருவிப் பாறையில் உட்கார்ந்து சுண்டவில்லை. அந்த இடைவெளியை நாங்கள் நிரப்பினோம். ஒரு ரூபாய்க் காசு, பத்து முறை. தலை 4, பூ 3. மீதி மூன்றைப் புத்தகத்தின் கூறுவெளியில் தேடினோம், இல்லை. ஒன்று பாறை இடுக்கில் செங்குத்தாக நின்றது. ஒன்று மேலே போகவே இல்லை, கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய்க்கும் நிகழ்தகவுக்கும் உள்ள இந்த உறவை முதலில் சுட்டியவர் எனக்குத் தேய்த்துவிட்டவரே (முதுகு, இரண்டாம் தட்டு; ஒப்பிடுக: அதே ஆசிரியர், வலது தோள், அலறலுக்கு முந்தைய பகுதி; இடது தோள், அச்சில்). பத்தாவது காவிரியில் விழுந்தது.

இங்கேதான் அறிஞர் உலகம் இரண்டாகப் பிளந்தது. வெள்ளம் அடித்துக்கொண்டு போய் அந்தக் காசு மேட்டூர் அணையில், 120 அடித் தண்ணீருக்குக் கீழே, தலையாகவோ பூவாகவோ கிடக்கும் என்பது மேட்டூர்ப் பள்ளி. "எங்கயும் போவாது மாமா, இந்தப் பாறைக்கு அடியிலதான் கெடக்கும்" என்பது அடிப்பாறைப் பள்ளி. முதல் பள்ளியில் நான் மட்டும். இரண்டாவதில் அவளும், தடையால் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பரிசல்காரர்கள் இரண்டு பேரும். பெரும்பான்மை உண்மையாகாது என்று எழுதி, பக்கத்தில் 'மேலாய்வுக்குரியது' என்றும் சேர்த்தேன். அந்த ஒரு சொல்லில் பட்டம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஆய்வைத் தொடரக் காசு வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் கைப்பேசி. மீன் வறுக்கும் அக்காவிடம் சில்லறை கேட்டால், கம்பத்தில் தொங்கிய கியூஆர் அட்டையைக் கரண்டியால் காட்டினார். ஆய்வு என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார்.

அக்கா மகள் என் முழங்கையை இடித்தாள். பை!

கண்ணைச் சட்டியிலிருந்து எடுக்காமலே கையை உள்ளே விட்டு ஓர் ஐந்து ரூபாயை எடுத்துக் கொடுத்தார். மறுபடி விட்டார், ஐந்து ரூபாய். மூன்றாம் முறையும் அதுவே. பைக்குள் வேறு காசு இல்லையா என்று கேட்டதற்கு வாயை விரித்துக் காட்டினார். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், பத்து ரூபாய் எல்லாம் கலந்து கிடந்தன. ஒரு சாவியும் இரண்டு கொட்டைப்பாக்கும் இருந்தன.

அக்கா மகள் புத்தகத்தைப் புரட்டி, பார்க்காமல் எடுக்கும் கணக்கைத் தேடி, அதன் பக்கத்தில் பென்சிலால் 1 என்று எழுதினாள். பின்பக்க விடைப் பட்டியலில் வேறு என்னவோ போட்டிருந்தது.