காசு கொடுத்துப் பார்த்த கடல்காக்கா

பெங்களூரு
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் அத்தையும் நலமா? போட்டு, வலை, இன்ஜின் எல்லாம் நலமா?

நான் வெளிநாட்டில் இருப்பதாக அம்மா நாகப்பட்டினம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாராமே! பாதி உண்மைதான் மாமா. விசா மட்டும் கேட்பதில்லை. கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறேன். இப்போதும் ஸ்வெட்டரோடுதான் தூங்குகிறேன். ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசினால் தமிழில் முடியாது என்கிறார். மீன் கடையில் கானாங்கெளுத்தியைக் காட்டி "புதுசா?" என்று கேட்டால், "முந்தாநாள்தான் வந்தது சார்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்கிறார். அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள், அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுவார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டர், மீதி இரண்டு நாள் பறவை. எங்கள் ஆபீஸிலேயே ஒரு கூட்டம் இருக்கிறது. முழங்கை நீளத்துக்கு லென்ஸ். அதன் விலையைச் சொன்னால் இன்ஜினை விற்றுவிட்டு நீங்களும் போட்டோ எடுக்க வந்துவிடுவீர்கள். நான் கடற்கரைக்காரன் என்று தெரிந்ததும், "கடல்பறவை எடுக்க மல்பெ போகிறோம், நீதான் நிபுணர்" என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். கடல்காக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், காயவைத்த நெத்திலிமேல் அது இறங்கினால் எந்தப் பக்கமிருந்து கல் எறிவது என்பதுதான். அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

மல்பெ உடுப்பிக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய மீன்பிடித் துறைமுகம். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, 400 கிலோமீட்டர் குலுங்கி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கினால் சனிக்கிழமை விடியலில் உடுப்பி. பெங்களூரில் கஷ்டப்பட்டுக் கற்ற கன்னடத்தை அங்கே எடுத்துவிட்டேன். எதிரில் இருந்தவர்கள் தங்களுக்குள் துளுவில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஆனால் துறைமுகத்து வாடை வந்ததும் மொழிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அதே டீசல், அதே ஐஸ் பெட்டி, அதே ஏலச் சத்தம். ஆபீஸ்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு இரண்டு மாதத்து ஜலதோஷம் விட்டது.

துறைமுகத்திலிருந்து படகில் கிளம்பினால் அரை மணிக்குள் செயின்ட் மேரீஸ் தீவு. 1498-ல் வாஸ்கோ ட காமா வந்து மாதா பெயரை வைத்துவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். தீவு முழுக்க ஆறு பட்டை, ஐந்து பட்டையாகக் கருங்கல் தூண்கள், யாரோ செதுக்கி அடுக்கியதுபோல நிற்கின்றன. மடகாஸ்கர் நம் நாட்டோடு ஒட்டியிருந்த காலத்தில், ஏறக்குறைய 8.8 கோடி வருஷத்துக்கு முன்னால், எரிமலைக் குழம்பு ஆறி இப்படி வெடித்ததாம். அந்தத் தூணில் ஏறி செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்து காவலர் விசில் ஊதுகிறார். தீவில் நான் கேட்ட சத்தத்தில் பாதி அலை, பாதி விசில்.

பறவைக்கு வருகிறேன். கரை திரும்பும் மீன்பிடிப் படகு ஒன்றின் பின்னால் நூற்றுக்கணக்கில் கடல்காக்கா. ஆபீஸ்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் ஓடிப்போய் நிற்க, படகு சாய, படகோட்டி துளுவில் நிறைய சொன்னார். அர்த்தம் எனக்கு மட்டும் விளங்கியது. நீங்கள் தமிழில் சொல்வதுதான். லென்ஸ் வழியாக ஒன்றைப் பார்த்தேன் மாமா. சிவந்த அலகு, நுனியில் கறுப்பு. சிவந்த கால்களை வாலுக்கடியில் மடக்கி வைத்திருந்தது. கறுத்த இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு. இந்த ஜாதி திபெத், லடாக் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் கரைகளுக்கு வருகிறதாம். ஊரில் இருக்கும்போது தலை பழுப்பு. இங்கே வந்ததும் வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறை மட்டும் மிச்சம். ஊருக்குத் திரும்பும் நேரத்தில் மறுபடி பழுப்பாகிவிடும், தீபாவளிக்கு முந்தின நாள் பெரியப்பா தலைக்குச் சாயம் அடிப்பதுபோல. இமயமலை தாண்டி வந்த விருந்தாளிமேல்தான் இத்தனை வருஷம் கல் எறிந்திருக்கிறோம்.

செம்பருந்தும் நிறைய. கழித்துப் போட்ட மீனைக் காலால் தூக்கி, பறந்தபடியே வாய்க்குக் கொண்டுபோய்த் தின்றது. எங்கள் டீம் லீடர் கேமராவை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருடனாயிற்றே! படம் போச்சு, புண்ணியம் வந்தது.

கரைக்கு வந்ததும் கோயில். மல்பெயில் பலராமருக்கு ஒரு கோயில், வடபாண்டேஸ்வரம் என்கிறார்கள். கதையைக் கேளுங்கள். 13-ம் நூற்றாண்டில் துவாரகையிலிருந்து வந்த கப்பல் ஒன்று புயலில் சிக்கித் தத்தளிக்க, கரையில் நின்ற மத்வாச்சாரியார் மேல்துண்டை வீசிக் காட்டிக் கரை சேர்த்தாராம். கப்பல்காரர் என்ன வேண்டும் என்று கேட்க, அவர் அடித்தட்டில் பாரத்துக்காகப் போட்டிருந்த கோபி சந்தனக் கட்டிகளைக் கேட்டார். உடைத்தால் உள்ளே பலராமரும் கிருஷ்ணரும். பலராமர் மல்பெயிலேயே தங்க, கிருஷ்ணர் உடுப்பி போனார்.

கூட வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். நான் ஆச்சரியப்படவில்லை. புயலில் தப்பிய போர்ச்சுகீசியர் கட்டியது வேளாங்கண்ணி. கப்பலில் விழுந்த ஓட்டையைக் கரையிலிருந்தே கண்ணாடியை வீசி அடைத்தவர் நாகூர் ஆண்டவர். மூன்று சாமிக்கும் வேலை ஒன்றுதான் மாமா: போனவன் வீடு திரும்பணும். கடல்காக்காவின் வேண்டுதலும் அதுதான். படகு வந்தால்தானே அதற்குச் சோறு!

உடுப்பி கோயிலுக்குள் கேமரா கூடாது. ஒன்பது ஓட்டை போட்ட வெள்ளி ஜன்னல் வழியாகத்தான் கிருஷ்ணரைப் பார்க்க வேண்டும். லட்ச ரூபாய் லென்ஸைப் பையில் போட்டுவிட்டு எல்லோரும் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் தெளிவாக விழுந்த படம் அது ஒன்றுதான்.

இப்போது ஒரு விஷயம். கோடியக்கரை நம் ஊருக்குப் பக்கம் என்று வாய்விட்டுவிட்டேன். பூநாரை, ஆலா எல்லாம் அங்கே வருகிறது என்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஏப்ரல் 15-ல் உங்கள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குள், பறவைகள் கிளம்புவதற்குள், மாசியில் ஐந்து பேரோடு வருகிறேன். படகில் ஏற்ற வேண்டாம். நீங்கள் மீன் இறக்கும்போது பக்கத்தில் நின்றால் போதுமாம். அத்தை நெத்திலி காயவைக்கட்டும். கடல்காக்கா வந்தால் நாங்கள் இருக்கும் இரண்டு நாள் மட்டும் கல் எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். நெத்திலிக்கான காசை இவர்களிடமே வாங்கிக்கொள்ளலாம், விலையைக் கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள், பெங்களூர்க்காரர்களுக்குப் பழக்கம்தான்.

அன்புடன்,
உங்கள் மருமகன்