நிதி நிறுவன மோசடியை நாவலாக்குவது எப்படி?

நிதி நிறுவன மோசடி பற்றி நாவல் எழுத எலவனாசூர்கோட்டையைவிடத் தோதான ஊர் கிடையாது. உளுந்தூர்பேட்டை – சேலம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. எந்தச் சேர்மனின் காரும் இங்கே நிற்பதில்லை. பணம் மட்டும் இங்கிருந்து ஒழுங்காகக் கிளம்பிப் போகும். எழுத உட்காருபவர்களுக்குச் சில யோசனைகள்:

1. மோசடிக்காரரையே கதாநாயகனாக்குங்கள்.

உலக வழக்கம் அதுதான். 'சதுரங்க வேட்டை'யில் (2014) ஏமாற்றுபவர்தான் ஹீரோ. 'ஸ்கேம் 1992' தொடரில் ஹர்ஷத் மேத்தா. லண்டன் பங்குச்சந்தைப் புரட்டை 1875இல் நாவலாக வெளியிட்ட ஆன்டனி டிராலப்கூட மெல்மோட் என்ற பணமுதலையைத்தான் நடுவில் உட்காரவைத்தார். பணம் கட்டியவர்களுக்கு வசனம் வேண்டாம். பூட்டிய ஆபீஸ் வாசலில் கூட்டமாக நிற்கவைத்தால் போதும்.

ஒரே சிக்கல், ஊரில் யாரும் சேர்மனைப் பார்த்ததில்லை. 'பேர்ல்ஸ்' என்று பேரெடுத்த பி.ஏ.சி.எல். கம்பெனி, நிலம் தருவதாகச் சொல்லி நாடு முழுக்கச் சுமார் 5.85 கோடிப் பேரிடம் 49,100 கோடி ரூபாய் வாங்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி செபி உத்தரவிட்டது 2014 ஆகஸ்டில். அதன் தலைவர் நிர்மல் சிங் பங்கூவின் முகத்தைப் பலரும் பார்த்ததே, 2016 ஜனவரியில் அவர் கைதான செய்தியில்தான். ஊர் பார்த்த முகம் ஏஜென்ட் முகம்.

2. ஏஜென்டைச் சொந்தக்காரனாக வையுங்கள்.

கற்பனைக்கு வேலையே இல்லை, அவன் சொந்தக்காரனாகத்தான் இருப்பான். டிவிஎஸ் எக்ஸ்எல், தோளில் ஒரு பை, பையில் ரசீது புத்தகம். "அத்தை, இந்த மாசம் இன்னும் கட்டல" என்று திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனவன். தன் பொண்டாட்டி சங்கிலியை அடகுவைத்து அவனும் கட்டியிருப்பான். கம்பெனி மூடிய பிறகு அவன் தங்கை கல்யாணம் வருகிறது. மொய் எழுதும் மேசையில் அத்தை முறை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தொகை கேட்கிறார் கணக்கெழுதுபவர். அத்தை பக்கத்தில் நிற்கும் ஏஜென்டின் அம்மாவைப் பார்த்துச் சொல்கிறாள்: "ஏம்மா, நான் உம் மவன்கிட்டயே மொய்ய எழுதிட்டன். ரசீது இருக்குது, கழிச்சுக்க."

இந்த ஒரு காட்சியை ஒழுங்காக எழுதினால் சேர்மனுக்கு நாவலில் இடமிருக்காது. யோசனை 1ஐ அடித்துவிடலாம்.

3. 'பேராசை பெருநஷ்டம்' என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

விமர்சகர்களுக்குப் பிடிக்கும். ஆதாரமும் உண்டு. ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி திரட்டியது. 2012இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணை முதலீடு கவிழ்ந்தபோதும் இந்தப் பழமொழிதான் ஓடியது. ஆனால் பேர்ல்ஸ் அத்தைக்கு இது பொருந்தாது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2016இல் அமைந்த நீதிபதி லோதா கமிட்டி, முதல் சுற்றில் 2,500 ரூபாய் வரை பாக்கி உள்ளவர்களுக்குத்தான் பணம் கொடுத்தது. 2,500 ரூபாயில் எத்தனை கிலோ பேராசை பிடிக்கும் என்று நாவலாசிரியர்தான் நிறுத்துச் சொல்ல வேண்டும்.

4. பணமே போடாமல் மாட்டியவரைச் சேர்க்காதீர்கள்.

அவர் வந்தால் பழமொழி செத்துவிடும். பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் ஏ.சித்தூர், இறையூர் ஆலைகளுக்கும், தஞ்சாவூர்ப் பக்கம் திருமண்டங்குடியில் திரு ஆரூரான் சர்க்கரை ஆலைக்கும் கரும்பு வெட்டி அனுப்பியவர்களைக் கேளுங்கள். தங்கள் பெயரில் ஆலை நிர்வாகம் வங்கியில் கடன் வாங்கிவிட்டது, கட்டச் சொல்லி நோட்டீஸ் மட்டும் தங்களுக்கு வருகிறது என்பது விவசாயிகளின் புகார். கரும்புப் பாக்கி வரவில்லை. கடன் பாக்கி வீடு தேடி வந்தது. திருமண்டங்குடியில் 2022 நவம்பர் 30 அன்று போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். இதில் பேராசைப்பட்டது யார் என்று வாசகர் கேட்டால் அடுத்த அத்தியாயத்துக்கு ஓடிவிடுங்கள்.

5. நீதிமன்றத்தை ஒரே பாய்ச்சலில் தாண்டுங்கள்.

திருப்பூர் பாசி நிதி நிறுவனம் 2009இல் கவிழ்ந்தது. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்ட வழக்குகளுக்கான கோவை டான்பிட் நீதிமன்றம் இரண்டு இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை விதித்தது 2022 ஆகஸ்டில். 'பதின்மூன்று ஆண்டுகள் கழித்து' என்று எழுதினால் சினிமாவுக்கு ஒரு கார்டு, நாவலுக்கு ஒரு வரி. அந்த வரிக்குள் இருக்கும் திங்கட்கிழமைகளை எட்டிப் பார்க்காதீர்கள்: கலெக்டர் ஆபீசுக்குக் கள்ளக்குறிச்சி பஸ், மனு எழுதுபவருக்குக் காசு, ஜெராக்ஸ் மூன்று செட். அத்தையின் பேர்ல்ஸ் பாண்டில் புருஷன் பேர் சேர்ந்திருக்கிறது, ஆதாரில் இல்லை, பான் கார்டில் இனிஷியல் முன்னால் வந்திருக்கிறது. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் அத்தைக்கே சந்தேகம் வந்துவிடும். எஸ்எம்எஸ் வராமல் ஒரிஜினல் பாண்டை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று லோதா கமிட்டி எச்சரித்திருக்கிறது. பணம் வாங்கித் தருகிறேன் என்று அதைக் கேட்டு அடுத்த ஏஜென்ட் வந்து நிற்பான். நல்ல திருப்பம்தான், ஆனால் கதை முடியாமல் போய்விடும்.

6. கடைசியாக, புத்தகத்தை வெளியிடுதல்.

ஒரு பதிப்பாளர் வருவார். அச்சுச் செலவில் பாதி நீங்கள் போட்டால் போதும், ராயல்டி மாதா மாதம் வீட்டுக்கே வரும் என்பார். உங்கள் சித்தப்பா பையனுக்குத் தெரிந்தவர். ஒப்பந்தத்தைப் படிக்க நேரமில்லை, சென்னை புத்தகக் கண்காட்சி நெருங்குகிறது. நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து 'பேராசை' என்று இருக்கும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டு நாவலை மறுபடி முதலிலிருந்து எழுதுங்கள்.