மருமகனுக்குக் கொஞ்சம் கொசுறு

வாரும் மருமவனே, உக்காரும். கேஸ் பாய்லருக்கு ரேஷியோ, பயஸ் எல்லாம் நீரே செட் பண்ணிட்டீராமே! உம்ம அத்தை தெருவெல்லாம் சொல்லிட்டு வாரா. கிழவனுக்கு ஒரு சின்னச் சந்தேகம், அவ்வளவுதான்.

கேஸ் ஒரு பங்குக்குக் காத்து எத்தனை பங்குங்கிற ரேஷியோவை 10.5-ன்னு அடிச்சீரே, எந்தக் கணக்கு? கேஸ் மீட்டர் ரேஞ்ச் மணிக்கு 1,000 கனமீட்டர், காத்துக்கு 12,000. உம்ம கன்ட்ரோலர் ரெண்டையும் சதவீதமாப் பாக்குற ரகம்னா, போட வேண்டியது 0.875. 10.5-ஐப் போட்டா, கேஸ் லேசா அசைஞ்சதுமே டேம்பர் முழுசாத் தொறந்துரும். அப்புறம் தீயைத் தேட ஆள் விடணும்.

ஓட்டத்தை அளக்குற ஆரிஃபிஸ் பிளேட் சிக்னலுக்கு ஸ்கொயர் ரூட் எடுத்தீரா? ஓட்டம் பாதியானா பிரஷர் வித்தியாசம் கால்வாசிதான் இருக்கும். டிரான்ஸ்மிட்டர்ல ஒண்ணு, கன்ட்ரோலர்ல ஒண்ணுன்னு ரெண்டு தடவை ரூட் எடுத்த மகராசனும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், சொந்தக்காரன்.

இப்ப பயஸுக்கு வருவோம். ஃபுல் லோடுல புகையில ஆக்சிஜன் கொஞ்சம் கூட இருக்குன்னு காத்துக் கணக்குல மைனஸ் 100 தட்டிட்டீரு. கெட்டிக்காரர்தான்! காய்க்காரி கொசுறாக் கொடுக்குற கருவேப்பிலை மாதிரி பயஸ். பத்துக் கிலோ வாங்குனாலும் கால் கிலோ வாங்குனாலும் அதே கொத்துதான். 1,000 கேஸுக்கு 10,500 காத்துல 100 போனா அனலைசருக்கே சரியாத் தெரியாது. கேஸ் 100-க்கு இறங்கட்டும், 1,050-ல 100 போனா மிச்சம் 950. அந்தக் கேஸ் மீத்தேன்னா, முழுசா எரிய 952 வேணும். உபரிக் காத்து ஒரு பொட்டு இல்ல. வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, உம்ம பெருமை மாதிரி சத்தமும் கிடையாது.

சின்னத் தீயில கேஸும் காத்தும் சரியாக் கலக்காது. அங்க காத்து கூடத்தான் வேணும், நீரு குறைச்சு வச்சிருக்கீரு! பயஸ் தேவைப்பட்டா அது பிளஸ் பக்கம்தான்.

போய் முதல்ல மீட்டரோட ஜீரோவைப் பாரும். பயஸைப் பூஜ்யமாக்கி, ஃபுல் லோடுல ரேஷியோவைச் சரிபண்ணும். அப்புறம் லோ ஃபயர்ல ஓட்டி, தேவைப்பட்ட அளவு பயஸ் போடும். திரும்ப ஃபுல் லோடுக்கு ஏத்திப் பாக்காம கைய எடுக்காதீரு. பயஸுக்கு மேல ஒரு எல்லை, கீழ ஒரு எல்லை கட்டாயம் வையும். இல்லேன்னா ராத்திரி ஷிஃப்ட்டுல உம்மளைவிடப் பெரிய கெட்டிக்காரன் வருவான்.

லோ ஃபயர் ரீடிங்கோட வந்தா டீ என் செலவு. ஃபுல் லோடு ரீடிங் மட்டும் கொண்டுவந்தா, கடைக்காரர்கிட்ட உம்ம கணக்குல எழுதச் சொல்லிருவேன்.