ஈயத்துக்கும் ஜாதகம் உண்டு

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பழைய ரேடியோவை ரிப்பேர் செய்யத் திறக்கும் முன், அதன் ஜாதகத்தைப் பார்த்துவிட வேண்டும். 2006 ஜூலை 1-க்கு முன் சந்தைக்கு வந்ததா? காரீயம் கலந்த உதிரிபாகத்தைத் தாராளமாகப் போடலாம். அன்றைக்கோ பிறகோ வந்ததா? சட்டப்படி, பாகங்களைப் பற்றவைக்கும் சாலிடரில் காரீயம் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒருநாள் முந்திப் பிறந்த அண்ணனுக்கு மட்டும் பழைய சாப்பாடு!

பழைய சாலிடர் நல்ல பிள்ளை. 183 டிகிரியிலேயே உருகி, ஆறியதும் கண்ணாடிபோல மின்னும். காரீயம் நீக்கி, வெள்ளியும் செம்பும் சேர்த்த புதியதற்கு 217 டிகிரியாவது வேண்டும். ஆறினாலும் முகம் வெளுத்துத்தான் கிடக்கும். பழைய கை அதைப் பார்த்ததும், சரியாக ஒட்டவில்லையோ என்று மறுபடி சூடு வைக்கும்.

காரீயம் நச்சுதான், கட்டுப்பாடு நியாயம்தான். ஆனால் கடை வாசலில் நிற்கும் காரின் பேட்டரிக்குள் கிலோக்கணக்கில் காரீயம் உட்கார்ந்திருக்கிறது. அதை விசாரிப்பது வேறு சட்டமாம். உள்ளே மெக்கானிக் கடுகளவு சாலிடரைக் கையில் வைத்துக்கொண்டு, ரேடியோவின் முதுகில் தேதி தேடிக்கொண்டிருக்கிறார்.