மீன் பீதியை முப்பது நொடியில் நம்புவது எப்படி?

ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைக் கதிர்வீச்சு பசிபிக் மீனையெல்லாம் விஷமாக்கிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தால், முதலில் வரைபடத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பும் ஊதாவும் ஜப்பானில் கிளம்பி அமெரிக்கா வரை போயிருந்தால் உண்மை. மேற்கொண்டு விசாரணை வேண்டாம். முக்கியமாக, ஓரத்தில் உள்ள அளவுகோலைப் பெரிதாக்கிப் பார்த்துவிடாதீர்கள். அதில் சென்டிமீட்டர் என்று போட்டிருக்கும். 2011 மார்ச் 11 சுனாமியில் அலை எவ்வளவு உயர்ந்தது என்று காட்ட, அமெரிக்காவின் நோவா அமைப்பு வெளியிட்ட படம் அது. கதிர்வீச்சை யாரும் சென்டிமீட்டரில் அளப்பதில்லை என்பதெல்லாம் நமக்கு எதற்கு?

அடுத்தது எண். பெக்கரல் என்று கண்ணில் பட்டாலே மிரண்டுவிட வேண்டும். நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். இத்தனை சின்ன அலகாக இருப்பதால்தான் எதையும் ஆயிரக்கணக்கில் சொல்ல முடிகிறது. பீதி கிளப்ப இதைவிட வசதி வேறென்ன? உங்கள் உடம்பிலேயே பொட்டாசியம்-40 மட்டும் ஏறக்குறைய நாலாயிரம் பெக்கரல் இருக்கிறது. அதை ஒருவரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

சூரை மீன் ஆய்வைக் கட்டாயம் மேற்கோள் காட்டுங்கள், பாதியை மட்டும். கலிபோர்னியாக் கடலில் பிடிபட்ட சூரையில் ஃபுகுஷிமாவின் கதிரியக்கச் சீசியம் இருந்தது. 2012இல் வெளியான ஆய்வு, சத்தியமான உண்மை. உலர் எடையில் கிலோவுக்குச் சுமார் 10 பெக்கரல். அதே மீனில் இயற்கையாக இருந்த பொட்டாசியம்-40 அதைப் போல முப்பது மடங்குக்கும் மேல். இந்த வரியை வெட்டிவிடவும்.

தேதியும் கேட்காதீர்கள். சீசியம்-134 இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகத் தேய்ந்துகொண்டே போகும். தேதி போடாத தகவலுக்கு அந்தத் தேய்மானம் கிடையாது.

கையோடு உப்பும் வாங்கி அடுக்குங்கள். 2023 ஆகஸ்டில் ஜப்பான் ஃபுகுஷிமா ஆலையின் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியதும், கடல் உப்பு கெட்டுவிடும் என்ற பயத்தில் சீனாவில் பல கடைகளில் உப்பு தீர்ந்துபோனது. அங்கே சமையலுக்குப் போகும் உப்பில் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்து எடுப்பது!

எல்லாமே புரளி என்று யாராவது மடக்கினால் கடைசி அஸ்திரம் இருக்கிறது. 2023 மே மாதம் ஒரு கருப்புப் பாறைமீனில் கிலோவுக்கு 18,000 பெக்கரல் சீசியம். ஜப்பானின் வரம்பு 100. இது கட்டுக்கதை அல்ல, ஆலையை நடத்தும் டெப்கோவே அளந்து சொன்ன கணக்கு. புரளி என்று எதையும் தள்ளிவிடுபவர்களும் இங்கே நின்றுதான் ஆகவேண்டும். எங்கே பிடித்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அணு உலை வளாகத்தின் துறைமுகத்துக்குள், மீன் வெளியே போகாதபடி வலை கட்டிய இடத்தில் பிடித்தது. சந்தைக்கு வந்த மீன் இல்லை.